டாக்டர் கனவுக்கு அப்பால் 23 தொழில்கள்

கிள்ளானில் ஐம்பத்தைந்து வயது லாரி ஓட்டுநர் ஒருவருக்குக் காலையில் எழும்போதே வாய் கோணி, வலது கையும் காலும் விழுந்துவிட்டன என்று வைத்துக்கொள்வோம். தெங்கு அம்புவான் ரஹிமா மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு அவரைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள். மூளையில் இருப்பது அடைப்பா, ரத்தக் கசிவா என்று தெரியாமல் டாக்டரால் மருந்தைத் தொட முடியாது. அதைக் காட்டும் சிடி ஸ்கேனை எடுப்பவர் ரேடியோகிராபர். ரத்தத்தைப் பரிசோதித்து முடிவை அனுப்புபவர் ஆய்வுக்கூடத் தொழில்நுட்பர். உயிர் பிழைத்து வார்டுக்கு வந்தபின், வாயால் ஒரு மிடறு தண்ணீர் கொடுப்பது ஆபத்தா என்று சோதித்துச் சொல்பவர் பேச்சு சிகிச்சையாளர். கட்டிலிலிருந்து எழுப்பி உட்காரவைத்து, பிறகு நிற்கவைப்பவர் பிசியோதெரபிஸ்ட். ஒற்றைக் கையால் சட்டைப் பொத்தானைப் போடக் கற்றுக்கொடுப்பவர் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட். இனிப்புநீரும் ரத்த அழுத்தமும் உள்ளவருக்கு என்ன சாப்பாடு, எவ்வளவு என்று வகுத்துக் கொடுப்பவர் டயட்டீஷியன். லாரி ஓட்ட முடியாத மாதங்களில் குடும்பம் எப்படிப் பிழைப்பது, சமூகப் பாதுகாப்பு நிறுவனமான பெர்கேசோவில் என்ன கேட்கலாம் என்று வழிகாட்டுபவர் மருத்துவ சமூகப் பணி அதிகாரி.

டாக்டரையும் தாதியரையும் தவிர ஏழு பேர். ஏழு பேரும் அவரவர் துறையில் படித்துத் தேர்ந்தவர்கள்.

ஆனால் எஸ்பிஎம், எஸ்டிபிஎம் முடிவுகள் வெளியாகும் வாரத்தில் நம் வீடுகளில் இந்த ஏழு பெயர்களும் காதில் விழுவதில்லை. அறிவியல் பாடங்களில் நல்ல மதிப்பெண் எடுத்த பிள்ளையிடம் எல்லாரும் கேட்பது ஒரே கேள்விதான்: "டாக்டருக்கா போகப்போற?" அந்த இடம் கிடைக்காவிட்டால் வீட்டில் துக்கம். பெற்றோர் கடன் வாங்கி வெளிநாட்டுக்கு அனுப்புகிறார்கள். அல்லது பிள்ளை விருப்பமில்லாத ஏதோ ஒரு படிப்பில் போய்ச் சேர்கிறது. நடுவில் ஒரு பெரிய துறை திறந்து கிடப்பதைச் சொல்லித்தர ஆளில்லை.

சட்டம் கொடுத்த அடையாளம்

இணைச் சுகாதாரத் துறை என்றும், பேச்சு வழக்கில் அலைட் ஹெல்த் என்றும் சொல்லப்படும் இந்தத் தொழில்களுக்கு மலேசியாவில் தனிச் சட்டம் இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் இணைச் சுகாதாரத் தொழில்கள் சட்டம், அதாவது சட்டம் 774. அது வந்தபோது சுகாதார அமைச்சராக இருந்தவர் டத்தோ ஸ்ரீ டாக்டர் எஸ். சுப்ரமணியம். 2020 ஜூலை 1 முதல் சட்டம் நடைமுறைக்கு வந்தது. 23 தொழில்கள் அதன் பட்டியலில் உள்ளன. அவற்றைக் கண்காணிக்கத் தனி மன்றமும் அமைக்கப்பட்டது. டாக்டர் மலேசிய மருத்துவ மன்றத்தில் பதிந்துகொள்வதைப் போல, பிசியோதெரபிஸ்ட்டும் ரேடியோகிராபரும் இந்த மன்றத்தில் பதிந்து சான்றிதழ் பெற்ற பிறகே தொழில் செய்யலாம்.

பட்டியலைப் பார்த்தால் துறை எவ்வளவு விரிந்தது என்பது புரியும். நோயாளியோடு நேரே பழக விரும்புகிறவர்களுக்கு பிசியோதெரபி, ஆக்குபேஷனல் தெரபி, பேச்சு சிகிச்சை, செவித்திறனை ஆராயும் ஆடியோலஜி, உணவுமுறை சிகிச்சை, மருத்துவ உளவியல் இருக்கின்றன. கருவிகளில் நாட்டம் உள்ளவர்களுக்கு எக்ஸ்ரே, புற்றுநோய்க்கான கதிர்வீச்சு சிகிச்சை, மருத்துவ இயற்பியல். ஆய்வுக்கூடத்தில் அமைதியாக வேலை செய்ய நினைப்பவர்களுக்கு ரத்தமும் கிருமியும் மரபணுவும் காத்திருக்கின்றன. சுற்றுச்சூழல் சுகாதார அதிகாரியும் பூச்சியியல் நிபுணரும்கூட இந்தப் பட்டியலில் உண்டு. டிங்கி காய்ச்சலில் பெரும்பாலும் முதலிடத்தில் நிற்கும் சிலாங்கூரில் அவர்களுக்கு வேலை ஓய்வதே இல்லை.

பார்மசி, தாதிமை, கண் பரிசோதனை செய்யும் ஆப்டோமெட்ரி ஆகியவை இந்தச் சட்டத்தில் வராது. அவற்றுக்குத் தனித்தனிச் சட்டங்கள் உள்ளன. சிங்கப்பூர் 2011இல் இப்படியொரு சட்டம் கொண்டுவந்தது. இந்தியா 2021இல் கொண்டுவந்தது. உலகம் முழுவதும் இந்தத் தொழில்கள் சட்டப்படியான தகுதியோடு தலைநிமிரும் காலம் இது.

எங்கே படிக்கலாம்?

கிள்ளான் பள்ளத்தாக்கில் வாய்ப்புகள் கைக்கெட்டும் தூரத்திலேயே இருக்கின்றன. கோலாலம்பூர் ஜாலான் ராஜா மூடா அப்துல் அஜிஸ் சாலையில் மலேசியத் தேசியப் பல்கலைக்கழகத்தின் சுகாதார அறிவியல் புலம் இருக்கிறது. 1992இல் தொடங்கியபோது அதன் பெயரே இணைச் சுகாதார அறிவியல் புலம்தான். ஆடியோலஜிக்கும் பேச்சு அறிவியலுக்கும் 1995இல் அங்கே பட்டப்படிப்பு தொடங்கியது. அந்த இரு துறைகளிலும் தென்கிழக்காசியாவுக்கே முன்னோடி அதுதான். செர்டாங்கில் உள்ள புத்ரா பல்கலைக்கழகத்தில் டயட்டெடிக்ஸ் படிக்கலாம். மலாயாப் பல்கலைக்கழகத்தில் உயிர்மருத்துவ அறிவியலும், செயற்கைக் கால், கைகளை வடிவமைக்கும் பொறியியல் படிப்பும் உண்டு. புஞ்சாக் ஆலாமில் யுஐடிஎம்மின் சுகாதார அறிவியல் புலம் பெரியது. ஆனால் அங்கே பூமிபுத்ரா மாணவர்களுக்கு மட்டுமே இடம் என்பதால் நம் பிள்ளைகளின் தேர்வு அந்த அளவுக்குச் சுருங்குகிறது.

தனியார் பக்கம் வந்தால், சுங்கை லோங்கில் உத்தார் பல்கலைக்கழகம் பிசியோதெரபி பட்டப்படிப்பை நடத்துகிறது. அங்குள்ள மருத்துவ, சுகாதார அறிவியல் புலத்துக்கு எம். கந்தையா என்ற தமிழ்ப் பெயர். 1992இல் தொடங்கி இப்போது புக்கிட் ஜாலிலில் இயங்கும் ஐஎம்யு, ஜெஞ்சாரோம் பக்கம் பண்டார் சௌஜானா புத்ராவில் மஹ்சா என்று பட்டியல் நீள்கிறது. வடக்கே கெடாவில், ம.இ.கா.வின் கல்விக் கரமான எம்ஐஇடி 2001இல் நிறுவிய ஏம்ஸ்ட் பல்கலைக்கழகத்தில் இணைச் சுகாதாரத் தொழில்களுக்கென்றே ஒரு புலம் உண்டு. சமூகத்தின் பணத்தில் எழுந்த அந்தக் கல்விக்கூடத்தில் மருத்துவப் புலத்துக்குக் கிடைக்கும் கவனம் இந்தப் புலத்துக்கும் கிடைக்கவேண்டும்.

பட்டம் பெரும்பாலும் நான்கு ஆண்டு. எஸ்பிஎம் முடித்தவுடன் சேரக்கூடிய டிப்ளோமா மூன்று ஆண்டு. டிப்ளோமாவுக்குச் சுகாதார அமைச்சின் சுங்கை பூலோ பயிற்சிக் கல்லூரி நீண்ட காலமாக வாசலாக இருந்துவருகிறது.

வகுப்பறைக்குள்

'டாக்டர் படிப்பைவிட எளிதானது' என்ற பேச்சு முதல் பருவத்திலேயே அடிபட்டுப்போகும். உடற்கூறு, உடலியல், நோயியல் மூன்றும் எல்லாருக்கும் பொதுவான அடித்தளம். பிசியோதெரபி மாணவர் ஒவ்வொரு தசையும் எந்த எலும்பில் தொடங்கி எங்கே முடிகிறது, எந்த நரம்பு அதை இயக்குகிறது என்பதைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லவேண்டும். பிறகு சக மாணவரின் முழங்காலையே பாடப் புத்தகமாக வைத்து, கோணமானியால் எத்தனை பாகை மடங்குகிறது என்று அளந்து பழகுவார்.

ரேடியோகிராபி மாணவர்களும் ஒருவரையொருவர் மேசையில் படுக்கவைத்து நிலைப்படுத்திப் பழகுவார்கள். ஆனால் பொத்தானை அழுத்துவது மனித உருவில் செய்த பொம்மையின் மேல் மட்டும்தான். பயிற்சிக்காக யார் உடம்பிலும் கதிர்வீச்சைப் பாய்ச்சக் கூடாது என்பது கண்டிப்பான விதி. மருத்துவமனைப் பயிற்சிக்குப் போகும் நாளிலிருந்து சட்டையில் ஒரு சிறு பட்டை தொங்கும். உடலில் எவ்வளவு கதிர்வீச்சு பட்டது என்று கணக்கு வைப்பது அது. இந்தத் தொழிலில் இருப்பவருக்கு ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட் என்பது வரம்பு.

ஆடியோலஜி வகுப்பில் ஒலிபுகாத அறை உண்டு. 250 ஹெர்ட்ஸ் முதல் 8000 ஹெர்ட்ஸ் வரை ஒவ்வொரு சுருதியிலும் காதுக்குக் கேட்கும் மிக மெல்லிய ஒலி எது என்று தேடிக் குறிக்கவேண்டும். பிறந்த குழந்தைக்கு ஒரு மாதத்துக்குள் கேட்டல் சோதனை, மூன்று மாதத்துக்குள் உறுதிசெய்தல், ஆறு மாதத்துக்குள் சிகிச்சை என்பது உலகெங்கும் பின்பற்றப்படும் இலக்கு. அதைத் தவறவிட்டால் குழந்தையின் மொழி வளர்ச்சியே பின்தங்கிவிடும்.

பேச்சு சிகிச்சை மாணவர் பேச்சை மட்டும் கற்பதில்லை. விழுங்குவதும் அவர் பாடம். பக்கவாதம் வந்தவருக்குத் தண்ணீர் மூச்சுக்குழாயில் இறங்கி நிமோனியா வரலாம். அதனால் நீர்மங்களை எந்த அளவு கெட்டியாக்குவது என்பதற்குப் பூஜ்யம் முதல் நான்கு வரை சர்வதேசப் படிநிலை இருக்கிறது. சோதிக்கத் தேவைப்படுவது ஒரு 10 மில்லி சிரிஞ்ச் மட்டுமே. அதில் பானத்தை நிரப்பி, முனையைத் திறந்து பத்து விநாடி ஒழுகவிட்டு, மிச்சம் எவ்வளவு நிற்கிறது என்று பார்க்கவேண்டும். நான்கு மில்லிக்கும் எட்டு மில்லிக்கும் இடையே நின்றால் அது இரண்டாம் படி. பாட்டிக்கு வீட்டில் காய்ச்சும் கஞ்சியும் மைலோவும் எந்தப் படியில் வரும் என்று இப்படிப் பார்த்துச் சொல்லிவிட்டால், குடும்பம் பயமில்லாமல் ஊட்டலாம்.

பாடம் பாதி, மருத்துவமனை பாதி என்பதே இந்தப் படிப்புகளின் இயல்பு. ஆக்குபேஷனல் தெரபியில் உலக சம்மேளனம் விதித்துள்ள குறைந்தபட்ச நேரடிப் பயிற்சி 1000 மணி நேரம். விரிவுரையைத் தவறவிட்டால் நண்பரின் குறிப்பை வாங்கிப் படிக்கலாம். தவறவிட்ட வார்டு நேரத்தை உடம்பால் போய்த்தான் ஈடுகட்டவேண்டும்.

தமிழ் தெரிந்த கை

2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வு, நாட்டில் 18 வயதுக்கு மேற்பட்டவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர் இருப்பதாகச் சொன்னது. இந்தியர்களிடையே அது 31.4 விழுக்காடு. மூன்றில் ஒருவரை நெருங்கும் எண்ணிக்கை. எல்லா இனங்களிலும் அதிகம். கால் இழப்பு, கண் பார்வை மங்கல், டயாலிசிஸ், பக்கவாதம் எல்லாம் இதன் பின்னால் வரிசையாக வருகின்றன. அதாவது இணைச் சுகாதாரத் துறையினரின் உதவி மற்ற எவரையும்விட நம் சமூகத்துக்கே கூடுதலாகத் தேவைப்படுகிறது.

இந்த இடத்தில் மொழியும் பழக்கவழக்கமும் சிகிச்சையின் பகுதியாகிவிடுகின்றன. சுகாதார அமைச்சு 'சுக்கு சுக்கு செப்பாரோ' என்று தட்டைப் பிரித்துக் காட்டுகிறது. கால் தட்டு சோறு, கால் தட்டு மீனோ கோழியோ பருப்போ, அரைத் தட்டு காய்கறியும் பழமும். பிரிக்பீல்ட்ஸ் வாழையிலைச் சாப்பாட்டில் இதை எப்படிக் கொண்டுவருவது? இலையின் பாதியை மூடும் சோற்றைக் குறைத்து, கூட்டையும் பொரியலையும் இரண்டாம் முறை கேட்டு வாங்குங்கள் என்று சொல்ல, அந்த இலையின் முன் உட்கார்ந்து பழகிய டயட்டீஷியனுக்குச் சில விநாடி போதும். தைப்பூசத்துக்கு ஒருவேளை உணவோடு விரதம் இருக்கும் இன்சுலின் நோயாளியை 'விரதமே வேண்டாம்' என்று விரட்டினால், அவர் டாக்டருக்குத் தெரியாமல் விரதம் இருப்பார். எந்த நேரத்தில் சாப்பிடுவார், எப்போது காவடிக்கு நடப்பார் என்று கேட்டு, மருந்தின் அளவையும் நேரத்தையும் டாக்டரோடு பேசி மாற்றித்தர வழிசெய்பவரிடம் அவர் உண்மையைச் சொல்வார்.

வலது கை விழுந்துபோனவரிடம் "இடது கையால் சாப்பிட்டுப் பழகுங்கள்" என்று சொல்வது மருத்துவப்படி சரி. ஆனால் இடது கையால் சோற்றைத் தொடுவதையே தவறென்று நினைத்து வளர்ந்த அம்மா, அதைவிடப் பட்டினியே மேல் என்று தட்டைத் தள்ளிவிடுவார். முதலில் கரண்டியைக் கொடுத்து, பலவீனமான வலது கையை இடது கையால் தாங்கிப் பிடிக்கக் காட்டி, மெல்லப் பழக்குவது ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்டின் திறமை. மல்லிகைச் சரம் தொடுப்பது, கோலப்பொடியை விரலிடுக்கில் விடுவது, புடவைக் கொசுவம் மடிப்பது எல்லாமே விரல்களுக்கான பயிற்சி. அவற்றை நோயாளியின் வாழ்க்கையிலிருந்தே எடுக்க, அந்த வாழ்க்கை தெரிந்திருக்கவேண்டும்.

குழந்தைகள் விஷயத்தில் இது இன்னும் கூர்மையானது. தமிழ்ப்பள்ளிப் பிள்ளை வீட்டில் தமிழும், வகுப்பில் தமிழோடு மலாயும் ஆங்கிலமும், தொலைக்காட்சியில் எல்லாவற்றையும் கேட்கிறது. தாமதமாகப் பேசினால் மலாயிலோ ஆங்கிலத்திலோ மட்டும் சோதிப்பது அநியாயம். 'பழம்' என்பதை 'பளம்' என்று சொல்கிறது என்றால் அது கோளாறா? வீட்டில் அம்மாவும் அப்பாவும் அப்படியே சொல்கிறார்கள் என்றால் அது வட்டார வழக்கு, சிகிச்சை தேவையில்லை. அதே பிள்ளை 'காக்கா' என்பதை 'தாத்தா' என்று ஐந்து வயதிலும் சொன்னால் கவனிக்கவேண்டும். இரண்டையும் பிரித்தறிய, தமிழ் ஒலிகள் தெரிந்த காது வேண்டும்.

முதியவர்களிடமும் அப்படியே. பக்கவாதம் பல மொழி பேசுபவரின் எல்லா மொழிகளையும் ஒரே அளவில் பறிப்பதில்லை. மலாய் போய்த் தமிழ் தங்கலாம், தலைகீழாகவும் நடக்கலாம். கனடாவின் மெக்கில் பல்கலைக்கழக அறிஞர் மிஷெல் பராடி உருவாக்கிய இருமொழிப் பேச்சிழப்புச் சோதனைக்குத் தமிழ் வடிவமும் இருக்கிறது. அதை நடத்தத் தமிழ் பேசும் சிகிச்சையாளர் இருக்கவேண்டும், அவ்வளவுதான்.

பிரிக்பீல்ட்ஸ் தந்த பாடம்

மறுவாழ்வு என்பது பிரிக்பீல்ட்ஸுக்குப் புதிதல்ல. மலேசியப் பார்வையற்றோர் சங்கம் 1951இல் தொடங்கி அங்கேயே வேரூன்றியது. 1953இல் அதன் கர்னி பயிற்சி மையம் திறந்தது. மசாஜ் பயிற்சி பெற்ற பார்வையற்றோரின் கடைகள் இன்றும் அந்தப் பகுதியின் அடையாளம். அதே சங்கத்தின் முயற்சியில் 1986இல் பெட்டாலிங் ஜெயாவில் துன் உசேன் ஓன் தேசியக் கண் மருத்துவமனை உருவானது. ஒய்எம்சிஏ செவிப்புலன் இழந்தோருக்குச் செய்துவரும் பணிக்கும் பிரிக்பீல்ட்ஸ்தான் முகவரி. பிசியோதெரபி என்ற தொழிலும் இப்படியொரு எளிய இடத்திலிருந்து வந்ததுதான். 1894இல் லண்டனில் நான்கு தாதியர் சேர்ந்து மசாஜ் செய்பவர்களுக்கான சங்கம் தொடங்கினார்கள். அதுவே பின்னாளில் பிரிட்டனின் பட்டயப் பிசியோதெரபி சங்கமாக வளர்ந்தது.

தமிழகத்தில் வேலூர் சிஎம்சி மருத்துவமனையின் டாக்டர் மேரி வர்கீஸ் 1954இல் வாகன விபத்தில் இடுப்புக்குக் கீழ் உணர்விழந்தார். சக்கர நாற்காலியில் இருந்தபடியே தொழுநோயாளிகளுக்குக் கை அறுவை சிகிச்சை செய்தார். பிறகு மறுவாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பி, 1966இல் வேலூரில் மறுவாழ்வு மையம் திறக்கக் காரணமானார். டாக்டரான அவரே, அறுவை முடிந்தபின் நோயாளி எழுந்து நடந்து வேலைக்குப் போகும்வரை ஒரு குழு தேவை என்பதைத் தன் உடம்பில் உணர்ந்து செயல்படுத்தினார்.

நம் ஊரிலும் அப்படியொருவர் உண்டு. பக்கவாதத்திலிருந்து மீண்ட ஜேனட் யோ 1996இல் நாசாம் என்ற தேசியப் பக்கவாதச் சங்கத்தைத் தொடங்கினார். பெட்டாலிங் ஜெயாவில் ஆரம்பித்த அதன் மையத்தில் மருந்துச் சீட்டு எழுதுவதில்லை. அங்கே நடப்பது தெரபி.

வேலை கிடைக்குமா?

பெற்றோர் கேட்கும் இந்தக் கேள்வி நியாயமானது. அரசுப் பணியில் பட்டதாரிகளுக்கு யு41 என்றிருந்த தொடக்க நிலை, 2024 டிசம்பரில் வந்த புதிய சம்பள முறையில் யு9 ஆனது. டிப்ளோமாவுக்கு யு29 என்பது யு5. படித்து முடித்த அன்றே அரசு அழைப்பு வந்துவிடாது. காலியிடத்துக்கு விண்ணப்பித்து, நேர்காணலுக்குக் காத்திருக்கத்தான் வேண்டும். ஆனால் டாக்டர் படிப்பிலும் நிலைமை அதுதான். 2016 டிசம்பர் முதல் புதிய டாக்டர்கள் ஒப்பந்த அடிப்படையில் எடுக்கப்பட்டு, நிரந்தர வேலைக்காக 2021 ஜூலை 26 அன்று வெள்ளுடையை மாற்றிக் கறுப்பு அணிந்து வெளிநடப்பு செய்ததை நாடே பார்த்தது.

அரசு மருத்துவமனை ஒரு பக்கம் இருக்க, தனியார் மருத்துவமனை, முதியோர் இல்லம், டயாலிசிஸ் மையம், சிறப்புத் தேவைப் பிள்ளைகளுக்கான மையம், விளையாட்டுத் துறை என்று வேலைக்களம் விரிகிறது. வேலையில் அடிபட்ட தொழிலாளர்களுக்காக பெர்கேசோ 2014இல் மலாக்காவில் பெரிய மறுவாழ்வு மையமே திறந்தது. 2030 வாக்கில் மலேசியா முதியோர் மிகுந்த நாடாகிவிடும் என்பது அரசின் கணிப்பு. வயதானவர்களின் முழங்காலும் விழுங்கலும் கேட்டலும் நடையும் இந்தத் துறையின் கைகளுக்கே வரப்போகின்றன.

விண்ணப்பிக்குமுன்

முதலில், கல்லூரியின் விளம்பரத்தை நம்பிக் கையெழுத்துப் போடவேண்டாம். படிப்பு மலேசியத் தகுதி முகமையான எம்கியூஏவின் பதிவேட்டில் உள்ளதா, சட்டம் 774இன் கீழ் மன்றம் அந்தத் தகுதியை ஏற்கிறதா என்ற இரண்டையும் சரிபார்க்கவேண்டும். இந்தியாவிலோ வேறு நாட்டிலோ படிக்கப் போகிறவர்கள் விமானச் சீட்டு வாங்குவதற்கு முன்பே இதைச் செய்தாகவேண்டும். ஏற்கப்படாத பட்டத்தோடு திரும்பி வந்தால் இங்கே தொழில் செய்ய முடியாது.

அடுத்து, மருத்துவமனைப் பயிற்சி எங்கே, எத்தனை மணி நேரம் என்று கல்லூரியிடம் கேட்கவேண்டும். பயிற்சிக்கு மருத்துவமனை ஏற்பாடு செய்யாமல் கட்டணம் மட்டும் வாங்கும் இடத்தில் நான்கு ஆண்டும் வீண். பணத்துக்கு அரசின் பிடிபிடிஎன் உயர்கல்விக் கடன் உண்டு. முதல் வகுப்பில் தேறுவோருக்கு நிபந்தனைகளோடு கடன் விலக்கும் உண்டு. எம்ஐஇடி கடனையும் கேட்டுப் பார்க்கலாம். மெட்ரிகுலேசனைப் பொறுத்தவரை, எஸ்பிஎம்மில் 10 ஏ பெற்ற எல்லா இன மாணவர்களுக்கும் இடம் உறுதி என்று அரசு 2024இல் அறிவித்தது. அதற்குக் கீழே உள்ளவர்கள் எஸ்டிபிஎம் பாதையைக் குறைவாக எண்ணவேண்டாம். பொதுப் பல்கலைக்கழகங்களுக்கு அது உறுதியான வழி.

கிள்ளானிலும் பிரிக்பீல்ட்ஸிலும் கோயில் மண்டபங்களிலும் பள்ளி மண்டபங்களிலும் ஆண்டுதோறும் கல்வி வழிகாட்டி நிகழ்ச்சிகள் நடக்கின்றன. மேடையில் வழக்கமாக ஒரு டாக்டர், ஒரு வழக்கறிஞர், ஒரு பொறியாளர் அமர்கிறார்கள். ஏற்பாட்டாளர்கள் அடுத்த நிகழ்ச்சிக்கு ஒரு ரேடியோகிராபரையும், ஒரு பேச்சு சிகிச்சையாளரையும், ஒரு டயட்டீஷியனையும் அழைக்கட்டும். கோணமானியையும் சிரிஞ்சையும் கேட்டல் கருவியையும் மேசையில் பரப்பட்டும். படிவம் நான்கில் உயிரியல் படிக்கும் பிள்ளைகள் அவற்றைக் கையில் எடுத்துப் பார்த்து, சம்பளம் முதல் இரவு வேலை வரை கேட்கவேண்டியதை நேரே கேட்கட்டும்.